ரவுண்டு வண்டிப் பிள்ளைகள்

கண்டக்டர்: டிக்கெட் இல்லாம ஒருத்தர்கூட ஏறல சார். எல்லாப் பிள்ளைக்கும் பாஸ் இருக்கு. வேணும்னா நீங்களே...

செக்கர்: பாஸ் இல்லன்னு நான் சொன்னேனா? பாஸ்ல என்னம்மா போட்டிருக்கு? வீட்டுலேர்ந்து ஸ்கூல். ஸ்கூல்லேர்ந்து வீடு. இதுங்க எங்க போகுது?

டிரைவர்: வீட்டுக்குத்தான் சார். கொஞ்சம் சுத்தி...

செக்கர்: கொஞ்சமா? யோவ், நான் ஸ்கூல் வாசல்லயே ஏறிட்டேன். கடைசி சீட்டு. மார்க்கெட், ஆஸ்பத்திரி, தையல் கம்பெனி, மறுபடி ஸ்கூல், இப்ப பஸ் ஸ்டாண்டு. ஒரு முழு ரவுண்டு! ஒரு பிள்ளைகூட இறங்கல. அந்த ரெட்டை ஜடை ரெண்டு தூக்கம் போட்டு எழுந்துட்டா.

டிரைவர்: தலையில துண்டு, வாயில துண்டு... யாரோ பல்லு பிடுங்கிட்டு வர்றாருன்னு நினைச்சேன். நம்ம செக்கர் சாரா அது!

கண்டக்டர்: என்கிட்ட டிக்கெட்டே வாங்கினீங்களே சார்! கூட்டத்துல கையை மட்டும்தான் பாத்தேன். செக்கருக்கு எதுக்கு டிக்கெட்டு?

செக்கர்: அதெல்லாம்... உளவு பாக்கணும்னா அப்படித்தான். பேச்சை மாத்தாதே. யார் பிள்ளைங்க இதெல்லாம்?

டிரைவர்: டீ ஒண்ணு சொல்லட்டுமா சார்? வண்டி எடுக்க இன்னும் நேரம் கிடக்கு.

செக்கர்: நீ ஸ்டீயரிங்கைப் பிடிச்சுக்கிட்டு சும்மா இரு. சொல்லும்மா.

கண்டக்டர்: மெதுவா சார். பிள்ளைங்க காதுல விழுது... ரெட்டை ஜடையோட அம்மா ஆஸ்பத்திரியில துணி துவைக்கிறாங்க. அந்தக் குட்டையன் இருக்கானே, அவன் அம்மாவுக்குத் தையல் கம்பெனி. அந்த ஜன்னலோர வாலு, அவளுக்கு அம்மா இல்ல, அப்பாதான், மார்க்கெட்ல மூட்டை இறக்குறாரு. ஸ்கூல் விடுறது பட்டப்பகல்ல. இவங்க வேலை விடுறது விளக்கு வச்சப்புறம். நடுவுல?

செக்கர்: நடுவுல என்ன? பெத்தவங்கதான் பாத்துக்கணும்.

கண்டக்டர்: எப்படி சார் பாத்துக்குவாங்க? அதைச் சொல்லுங்க முதல்ல. வேலையை விட்டுட்டுப் பாத்துக்கணுமா? வேலையை விட்டா சோறு?

செக்கர்: காசு குடுத்துப் பாத்துக்கிற இடம் எத்தனையோ இருக்கு...

கண்டக்டர்: இருக்கு சார், இல்லாம என்ன? கலர் கலரா பெயிண்ட் அடிச்சு, வாசல்ல பொம்மை நிறுத்தி வச்சிருக்காங்க. உள்ள போய்க் கேட்டீங்களா? சம்பளத்துல பாதியைக் கேக்குறான். மீதிப் பாதி வீட்டு வாடகை. அப்புறம் எதுக்கு வேலைக்குப் போகணும், பிள்ளையை வளக்கவா, அவன் பொம்மைக்குப் பெயிண்ட் அடிக்கவா? அதுலயும் கொஞ்சம் லேட்டா வந்தா அபராதம். ஓவர்டைம் பாத்த காசை அப்படியே வாசல்லயே கழட்டிடுவான்.

டிரைவர்: தங்கச்சி... மெதுவான்னு நீதான் சொன்ன.

கண்டக்டர்: இல்லண்ணே, வயிறு எரியுது! ஸ்கூல்லயே ஒரு ஹால் இருந்துச்சு சார். சாயங்காலம் பிள்ளைங்க இருக்கும். ரெண்டு ஆயாம்மா, பாய், ஆளுக்கு ரெண்டு பிஸ்கட். காசு கிடையாது. அதைப் பூட்டினாங்க. ஏன் பூட்டினாங்கன்னு கேட்டா, செலவாம். பூட்டின ஹாலை யாருக்கு வாடகைக்கு விட்டாங்க தெரியுமா? அந்தப் பொம்மைக் கடைக்காரனுக்கே!

செக்கர்: அப்படின்னா மனு குடுக்கணும். முறைப்படி போகணும். பஸ்ல ஏத்தி ஊரைச் சுத்திக் காட்டக் கூடாது.

கண்டக்டர்: போனோமே! ஸ்கூல்ல கேட்டா கல்வி ஆபீஸ்ல கேளுங்கன்னாங்க. ஆபீஸ்ல கேட்டா வேலை குடுக்கிற முதலாளிகிட்டக் கேளுங்கன்னாங்க. முதலாளி, ஸ்கூல்ல போய்க் கேளுங்கன்னுட்டான்.

டிரைவர்: நாங்களே ரவுண்டு வண்டி சார். எங்களையே ரவுண்டு அடிக்க விட்டுட்டாங்க.

கண்டக்டர்: கடைசியில பெரிய மனசு பண்ணி, மக்கள் குறை கேக்கிறோம்னு ஒரு கூட்டம் போட்டாங்க. எப்போ? வேலை நாள்ல, சாயங்காலம், ஸ்கூல் விடுற நேரம் பாத்து. கதவுல என்ன ஒட்டியிருந்துச்சு தெரியுமா சார்? சிறுவர்களுக்கு அனுமதி இல்லைன்னு! பிள்ளையை விட இடம் இல்லைன்னு சொல்ல வந்தவ, பிள்ளையை எங்க விட்டுட்டு உள்ள போவா? வாசல்லயே நின்னுட்டுத் திரும்பி வந்தோம். உள்ள, குறை எதுவும் வரலைன்னு எழுதி முடிச்சுட்டாங்க.

டிரைவர்: இதுக்குச் சிரிக்கிறதா அழுறதா, நீங்களே சொல்லுங்க சார்.

செக்கர்: அதுக்காக... சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல? நாளைக்கு ஒரு பிள்ளை விழுந்து மண்டையை உடைச்சுக்கிட்டா? யார் பொறுப்பு? தூக்கத்துல உருண்டா?

டிரைவர்: உருள விடுவேனா? கல்லு ரோட்டுல ஆமை மாதிரிதான் போவேன். பின்னாடி வர்ற லாரிக்காரன் என் பரம்பரையையே இழுத்துத் திட்டுவான், திட்டிட்டுப் போகட்டும்.

செக்கர்: ஒண்ணுக்கு வந்தா?

கண்டக்டர்: ஆஸ்பத்திரி ஸ்டாப்புல நிறுத்துவோம். வாசல்ல இருக்கிற வாட்ச்மேன் அம்மா கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வருவாங்க. அவங்க வர்ற வரைக்கும் விசில் அடிக்க மாட்டேன்.

செக்கர்: ஜனங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?

டிரைவர்: சொல்லுவாங்க. ரேடியேட்டருக்குத் தண்ணி காட்டுறேன்னு நான் பானெட்டைத் திறந்துக்கிட்டு நிப்பேன். இந்த ஊர்லயே அதிகம் தண்ணி குடிக்கிற வண்டி நம்ம வண்டிதான் சார்.

செக்கர்: யாராவது தெரியாத ஆளு வந்து, நான் மாமா, நான் சித்தப்பான்னு கையைப் பிடிச்சுக் கூப்பிட்டா? அனுப்பிடுவீங்களா?

கண்டக்டர்: விடுவேனா! கூப்பிட்ட ஆளை நம்பிப் பிள்ளையைக் கீழ இறக்கி விடுற பேச்சே கிடையாது. யாரு காலையில என்கிட்ட முகம் காட்டினாங்களோ, அவங்கதான் வரணும். வண்டியில ஏறணும், டிக்கெட் எடுக்கணும், பிள்ளை பக்கத்துல உக்காந்து அடுத்த ஸ்டாப் வரைக்கும் போகணும். அங்கதான் ரெண்டு பேரும் இறங்கலாம். ஒரு ஸ்டாப்புக்குள்ள தெரிஞ்சுடும் சார். சொந்த அம்மாவா இருந்தா பிள்ளை தோள்ல சாஞ்சுடும். இல்லன்னா ஜன்னல் பக்கம் ஒதுங்கும்.

செக்கர்: ம்... ஓரமா ஒதுங்குமா...

டிரைவர்: ஒரு நாள் நிஜமாவே ஒரு சித்தப்பா வந்தாரு. ஒரு ஸ்டாப்பு முழுக்க அந்தப் பய முறைச்ச முறைப்புல, மனுஷன் தானா இறங்கிப் போயிட்டாரு. அப்புறம் பாத்தா அவரு நிஜ சித்தப்பாதான்!

செக்கர்: சரி... வீட்டுப் பாடம்?

கண்டக்டர்: அதுவும் கேக்கணுமா சார்? புது ரோட்டுல எழுதணும், கல்லு ரோட்டுல வாய்ப்பாடு சொல்லணும். முதல்ல இது தெரியாம எல்லா ரோட்டுலயும் எழுத விட்டுட்டேன். எழுத்தெல்லாம் கோணல் மாணலா... குட்டையனை டீச்சர் அடிச்சுட்டாங்க. அவன் ஏன்னு சொல்லல சார். பஸ்ல எழுதினேன்னு சொன்னா வண்டியை நிறுத்திடுவாங்கன்னு, அந்த வயசுல வாயை மூடிக்கிட்டு அடி வாங்கியிருக்கான். இப்ப நீங்க வந்து நிறுத்தப் போறீங்க. எழுதிக்கங்க! என் பேரைப் போட்டு எழுதுங்க. அண்ணனுக்கு ஒண்ணும் தெரியாது.

டிரைவர்: அடப்போம்மா! எனக்குத் தெரியாமத்தான் பானெட்டைத் திறந்துக்கிட்டு நின்னேனா? என் பேரையும் போடுங்க சார், முதல்லயே போடுங்க. மூத்தவன்ல நான்?

செக்கர்: இருங்கய்யா ரெண்டு பேரும்... வாந்தி வந்தா?

கண்டக்டர்: என்ன?

செக்கர்: பஸ்ல ஏறினா சில பிள்ளைக்கு ஒத்துக்காதுல்ல. வாந்தி வரும். அதுக்கு முன் சீட்டு குடுப்பீங்களா? காத்து வர்ற மாதிரி...

டிரைவர்: இதெல்லாம் எந்த ரிப்போர்ட்டுல சார் கேக்குறாங்க?

செக்கர்: அவ்வளவா பேச மாட்டான். பசிச்சாக்கூட வாயைத் திறந்து கேக்க மாட்டான். நீங்களாப் பாத்துக் கேக்கணும்.

கண்டக்டர்: யாரு சார்?

செக்கர்: ... என் பையன்.

டிரைவர்: அடேங்கப்பா!

செக்கர்: வர்ற வாரம் வீட்டுக்காரி வேலைக்குப் போறா. சோப்புக் கம்பெனி. என் ஒருத்தன் சம்பளத்துல ஓட மாட்டேங்குது. அந்தப் பொம்மைக் கடைக்கு நானும் போய்க் கேட்டேன். கேட்டுட்டு, தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தேன். அப்புறம் ஆஸ்பத்திரியில ஒரு அம்மா சொன்னாங்க, இந்த வண்டியில ரெண்டு நல்ல ஜீவன் இருக்குன்னு... நம்பி விடலாமான்னு ஒரு ரவுண்டு உக்காந்து பாத்தேன். இதுல ரிப்போர்ட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல.

கண்டக்டர்: அப்ப இவ்வளவு நேரம் எங்களை மிரட்டினது?

செக்கர்: வாயைத் திறந்து கேக்க வெக்கமா இருந்துச்சும்மா. அதிகாரமாவே பேசிப் பழகிட்டேன்.

கண்டக்டர்: வெக்கமா? டெப்போவுல ஒரு ரூம் குடுங்கன்னு மனு எடுத்துக்கிட்டு மேசை மேசையா வந்தேனே, அப்ப என்ன சொன்னீங்க? இது பஸ் டெப்போவா, தொட்டில் கட்டுற வீடான்னு கேட்டீங்க. அந்த ரூம்ல இருந்த எல்லா ஆம்பளையும் சிரிச்சாங்க!

செக்கர்: கேட்டேன்.

கண்டக்டர்: அன்னைக்கு உங்க வீட்டுல பாத்துக்க ஆள் இருந்துச்சு, அதான் சிரிப்பு வந்துச்சு. இது பஸ்ஸு சார், பஸ்ஸு! புகையும் சத்தமும் குலுக்கலும்... பிள்ளை வளர்ற இடமா இது? எங்களை நல்ல ஜீவன்னு சொல்றவங்க மேலயே எனக்குக் கோவம் வருது. நாங்க நல்லவங்களா இருக்கிறதால யாரும் ஒரு ரூமைத் திறக்க மாட்டேங்குறாங்க. ஒரு ரூமு, ஒரு பாயி, ஒரு ஆயாம்மா, கட்டுப்படியாகிற காசு. வானத்துல இருக்கிற நிலாவையா பிடிச்சுக் குடுங்கன்னு கேட்டோம்?

செக்கர்: அந்த மனுவைக் குடுங்க. இப்பவே கையெழுத்துப் போடுறேன்.

கண்டக்டர்: கையெழுத்து யாருக்கு வேணும்? மேனேஜர் ரூமுக்கு யூனிஃபார்மோட வாங்க. பிள்ளையைக் கையில பிடிச்சுக்கிட்டு வாங்க. நாங்க போனா பொம்பளைங்க புலம்பல்னு சொல்றாங்க. நீங்க போய்ப் புலம்புங்க, என்ன சொல்றாங்கன்னு பாப்போம்.

டிரைவர்: நேரமாச்சு தங்கச்சி, ஜனங்க ஏற ஆரம்பிச்சாச்சு.

செக்கர்: வர்றேன்மா. சத்தியமா வர்றேன். மத்த செக்கருங்களையும் இழுத்துக்கிட்டு வர்றேன்... ஆமா, ஊர்ப் பிள்ளையை எல்லாம் இங்க வச்சுப் பாத்துக்கிறீங்களே, உங்களுக்குப் பிள்ளை இல்லையா? நான் பாத்த வரைக்கும் உங்களை யாரும் அம்மான்னு கூப்பிடலையே?

டிரைவர்: சார், அதை விடுங்க...

கண்டக்டர்: இருங்கண்ணே, கேட்டுட்டாரு, சொல்லிடுறேன். எனக்கு ஒரு பொண்ணு இருக்கா சார். நாளைக்கே உங்க பையனைக் கூட்டிட்டு வாங்க, முன் சீட்டுல உக்கார வைக்கிறேன், ஒரு குறையும் வராது. என் பொண்ணை மட்டும்தான் இதுல ஏத்த முடியாது... உங்களுக்கு ஞாபகம் இருக்காது, வேலை பாக்குற வண்டியில சொந்தப் பிள்ளையை வச்சுக்கக் கூடாதுன்னு போன வருஷம் அவளை இந்தப் படியிலேர்ந்து இறக்கி விட்டு, என் கையில மெமோவைத் திணிச்சது நீங்கதான். இப்ப அவளை வீட்டுக்குள்ள விட்டு, வெளிப்பக்கம் பூட்டிட்டு வர்றேன்.