ஏழு நிமிஷ அப்பா

அம்மா: கேக்குதா?

அப்பா: கேக்குது.

அம்மா: கொஞ்சம் மெதுவாப் பேசுங்க.

அப்பா: ஏன், போன்ல இரையுதா?

அம்மா: போன்லயும் கேக்குது, சுவர் வழியாவும் கேக்குது. பெட்ரூம் கதவச் சாத்தினீங்களா இல்லையா?

அப்பா: சாத்திட்டேன். தாழ்ப்பாளும் போட்டுட்டேன். சொந்த வீட்டுல இவ்ளோ பொறுப்பா ஒளிஞ்சு நிக்கிறவன் நானாத்தான் இருப்பேன்.

அம்மா: புலம்பாதீங்க. யோசனை யாரோடது?

அப்பா: என்னோடதுதான்.

அம்மா: அப்ப வாய மூடிட்டுச் செய்ங்க.

அப்பா: வாய மூடிட்டு எப்படிம்மா வீடியோ கால் பேசறது?

அம்மா: நீங்க கப்பல்லேர்ந்து இறங்கி ஒன்பது நாளாச்சு. பொண்ணு உங்க கையால ஒரு வாய் வாங்கினாளா?

அப்பா: வாங்கினா. செவ்வாய்க்கிழமை.

அம்மா: வாங்கி உங்க சட்டையிலயே துப்பினா.

அப்பா: வாங்கினாளா இல்லையா, அத மட்டும் சொல்லு. கப்பல்ல இருபத்திரெண்டு பேருக்கு ஆக்கிப் போடறேன். ஒவ்வொருத்தனும் ஒரு நாட்டுக்காரன். ஒருத்தன் முகம் சுளிச்சதில்ல. இங்க மூணு வயசு, பன்னெண்டு கிலோ... இவகிட்டத் தோத்துட்டு நிக்கிறேன்.

அம்மா: அவங்களுக்கு நடுக்கடல்ல வேற கடையா இருக்கு? போட்டதத் தின்னுதான ஆகணும்.

அப்பா: நீயும் பேசு... லீவு முடிஞ்சு நாளையிலேர்ந்து நீ வேலைக்குப் போகணும். மத்தியானம் நான்தான் ஊட்டணும். இன்னிக்கு ஒரு வாயாவது வாங்கலன்னா நாளைக்கு அவ பட்டினி.

அம்மா: நீங்க மட்டும் சாப்பிடுவீங்களா?

அப்பா: நான் எங்க சாப்பிடறது... அவ எதிர்ல உக்காந்து?

அம்மா: சரி சரி. திரும்ப ஒருதடவ சொல்லுங்க, என்ன பண்ணப் போறீங்கன்னு.

அப்பா: போன்ல அப்பா சொன்னா அவ கேக்குறா. ஆமாவா?

அம்மா: ...ஆமா.

அப்பா: அதனால, கப்பல்லேர்ந்து பேசற மாதிரி பேசறேன். 'தங்கம், வீட்டுக்கு ஒரு அங்கிள் வந்திருக்காரே, அவர் ரொம்ப நல்லவர், இன்னிக்கு அவர் கையால சாப்பிடணும்'னு சொல்றேன். உடனே போன வெச்சிட்டு வெளிய வந்து ஊட்டறேன்.

அம்மா: உங்கள நீங்களே சிபாரிசு பண்றீங்க.

அப்பா: வேற யாரு பண்ணுவா?

அம்மா: அங்கிள்னு நீங்களே சொல்லணுமா?

அப்பா: சிலிண்டர் கொண்டுவர்றவரையும் அங்கிள்ங்கறா, என்னையும் அங்கிள்ங்கறா. அவருக்காவது டாட்டா காட்டுறா.

அம்மா: ஏங்க...

அப்பா: என்ன?

அம்மா: இல்ல... இது நடக்கலன்னா வருத்தப்படக் கூடாது.

அப்பா: ஏன் நடக்காது?

அம்மா: ஒண்ணுமில்ல. இருங்க, அவளக் கூப்பிடறேன். போன தண்ணிச் செம்புல சாய்ச்சு வெச்சுட்டேன். கண்ணு! வா, சாப்பிடலாம்!

வாண்டு: மாடிக்குப் போலாம்.

அம்மா: இன்னிக்கு மாடி வேணாம். இங்கயே.

வாண்டு: அங்கிள் எங்க?

அம்மா: அங்கிள் தூங்கறாரு. இங்க பாரு, போன்ல யாருன்னு!

அப்பா: தங்கம்! என் தங்கமே! என்ன பண்றீங்க?

அம்மா: பேசு கண்ணு. அப்பாதான்.

வாண்டு: அப்பா பின்னாடி நம்ம பீரோ.

அம்மா: அது... கப்பல்லயும் அதே மாதிரி பீரோ இருக்கு.

வாண்டு: என் வாத்து ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு.

அம்மா: ஐயோ, சிக்னல் போச்சு! நீ போய் உன் தட்ட எடுத்துட்டு வா, ஓடு... ஏங்க! பின்னாடி வெள்ளப் போர்வைய மாட்டுங்க, சீக்கிரம். அந்தத் தொப்பியையும் போடுங்க.

அப்பா: சமையல் தொப்பியா? கட்டில்ல உக்காந்துகிட்டா?

அம்மா: அவளுக்கு அப்பான்னா தொப்பி. தொப்பி இல்லன்னா அங்கிள்.

அப்பா: அதுக்குப் பதிலா நான் வீட்டுலயே தொப்பியோட திரிஞ்சிருக்கலாமே! ஒன்பது நாளா ஏன் சொல்லல?

அம்மா: வர்றா, வர்றா... ஆ, சிக்னல் வந்துடுச்சு! பாத்தியா, கப்பல்! வெள்ளச் சுவர்!

வாண்டு: அப்பா ரெண்டு தடவ பேசறாரு.

அம்மா: என்னது?

வாண்டு: ஒண்ணு போன்ல. ஒண்ணு சுவத்துல.

அம்மா: கடல் காத்து கண்ணு. எதிரொலிக்கும்.

அப்பா: தங்கம், அப்பா ஒண்ணு சொல்வேனாம், நீங்க கேப்பீங்களாம். வீட்டுக்கு ஒரு அங்கிள்...

வாண்டு: தப்பு.

அப்பா: எது தப்பு?

வாண்டு: கையக் கழுவினியான்னு கேளு.

அப்பா: ஓ. மறந்துட்டேன். கையக் கழுவினியா?

வாண்டு: கழுவிட்டேன். அப்புறம், எங்க காட்டு.

அப்பா: எங்க காட்டு?

வாண்டு: இதோ. அப்புறம், அட அட அட.

அப்பா: அட அட அட. இப்ப அந்த அங்கிள்...

வாண்டு: இப்ப இருமணும்.

அப்பா: என்ன பண்ணணும்?

வாண்டு: இருமணும்.

அப்பா: நல்லாத்தான இருக்கேன், எதுக்கு இருமணும்?

அம்மா: கேக்குறால்ல, இருமுங்களேன்.

அப்பா: ...ஹுக்கும்.

வாண்டு: இப்படி இல்ல. மூணு தடவ. அப்புறம் சொல்லணும், 'யாருடா கதவத் தட்டறது? அஞ்சு நிமிஷம் இருங்கடா, என் பொண்ணு சாப்பிடறா.' சொல்லு.

அப்பா: இது... நான் சொன்னதுதான். எப்பவோ ஒருநாள். இவளுக்கு எப்படி ஞாபகம்?

வாண்டு: அம்மா, இந்த அப்பா வேணாம்.

அம்மா: கண்ணு...

வாண்டு: இவருக்கு ஒண்ணுமே தெரியல. நம்ம அப்பாவப் போடு.

அப்பா: போடுன்னா? எதப் போடச் சொல்றா?

அம்மா: நீங்க போன வைங்க.

அப்பா: ஏய், எதம்மா போடச் சொல்றா?

அம்மா: வைங்க. சொல்றேன்.

வாண்டு: போடும்மா!

அம்மா: போடறேன். அழாத. இதோ...

போன்: தங்கம்! கையக் கழுவினியா?

வாண்டு: கழுவிட்டேன்!

போன்: எங்க காட்டு?

வாண்டு: இதோ!

போன்: அட அட அட! டாக்டர் கை மாதிரி இருக்கே!

வாண்டு: டாக்டர்!

அம்மா: ஆ காட்டு... அப்படித்தான்.

போன்: கொஹ்... கொஹ்... கொஹ். யாருடா கதவத் தட்டறது? அஞ்சு நிமிஷம் இருங்கடா, என் பொண்ணு சாப்பிடறா.

வாண்டு: இருங்கடா!

அம்மா: ...வெளிய வந்துட்டீங்களா? அங்கயே நில்லுங்க. உங்களப் பாத்தா நிறுத்திடுவா.

அப்பா: அது நானா?

அம்மா: நீங்கதான்.

அப்பா: இளைச்சிருக்கேன்.

அம்மா: ம்.

அப்பா: மாடியில காத்து வாங்கிட்டே ஊட்டறேன்னு தட்டத் தூக்கிட்டுப் போவியே...

அம்மா: காத்தும் இருந்துச்சு.

அப்பா: எத்தன நாளா இது?

அம்மா: எட்டு மாசம்.

அப்பா: எட்டு...

அம்மா: துறைமுகத்துல கப்பல் நின்னா நீங்க பேசுவீங்க. பதினஞ்சு நாளைக்கு ஒருதடவ, இருபது நாளைக்கு ஒருதடவ. இவளுக்கு ஒரு நாளைக்கு மூணுவேளை பசிக்கும்.

அப்பா: ஒரே வீடியோ காலா? எட்டு மாசமும் இதே காலா?

அம்மா: இது ஒண்ணுதான் நான் பதிவு பண்ணி வெச்சிருந்தேன். ஏழு நிமிஷம். நீங்களும் சாப்பிடறீங்க, அவளும் சாப்பிடறா. நல்லா இருந்துச்சு.

அப்பா: நான் சாப்பிடல.

அம்மா: தட்டு வெச்சிருக்கீங்களே.

அப்பா: வெறும் தட்டு. எனக்கு அப்ப ராத்திரிச் சமையல் வேலை. அவ ஆ காட்டினா நானும் ஆ காட்டுவேன், அவ்ளோதான்.

அம்மா: ...எனக்குத் தெரியாது.

அப்பா: சரி, நான் நிஜமாக் கூப்பிடும்போதெல்லாம் 'விளையாடப் போயிருக்கா', 'இப்பத்தான் தூங்கினா'ன்னு சொல்வியே...

அம்மா: பக்கத்துலதான் இருப்பா.

அப்பா: பேச மாட்டாளா?

அம்மா: நீங்க கேள்வியாக் கேப்பீங்க. அப்பாவப் பிடிக்குமா, எவ்ளோ பிடிக்கும், அப்பா எப்படி இருக்கேன்... அவளுக்குப் பதில் தெரியாது. எழுந்து ஓடிடுவா. இதுல பதில் எல்லாமே தெரியும்.

போன்: அப்பாவுக்கு ஒரு வாய்! அடுத்தது கப்பலுக்கு ஒரு வாய்!

வாண்டு: கப்பலுக்கு!

அம்மா: ஆ... முழுங்கு கண்ணு. முழுங்கிட்டுப் பேசு.

அப்பா: என்கிட்டச் சொல்லியிருக்கலாம்.

அம்மா: எப்படிச் சொல்றது? 'உங்களவிட உங்க வீடியோ நல்லாப் பாத்துக்குது'ன்னா? முதல்ல ரெண்டு நாள்தான்னு நினைச்சேன். காய்ச்சல்ல படுத்திருந்தா, ஒண்ணும் இறங்கல. இதப் போட்டேன், நாலு வாய் வாங்கினா. அப்புறம் நிறுத்த முடியல. தப்புன்னு தெரியும். நானும் ஆபீஸ் போகணும், மணி ஆகும்... தப்புதான்.

அப்பா: உன்ன ஒண்ணும் சொல்லலையே.

அம்மா: சொல்லுங்க. சொன்னா நல்லா இருக்கும்.

அப்பா: ...நான் ஊட்டவா? அது ஓடட்டும். சத்தம் போடாம ஊட்டறேன்.

அம்மா: பாருங்க. தட்ட அப்படியே பிடிங்க. பக்கவாட்டுல உக்காருங்க.

அப்பா: இப்படியா?

அம்மா: இன்னும் கொஞ்சம் கீழ.

அப்பா: தங்கம்... ஆ காட்டு. ஒரே ஒரு வாய்.

வாண்டு: அங்கிள், தள்ளுங்க. அப்பா தெரியல.

அம்மா: ஏங்க... குழந்தைதானங்க. தெரியாமச் சொல்றா.

அப்பா: தெரிஞ்சுதான் சொல்றா. மறைச்சுகிட்டுத்தான உக்காந்திருக்கேன். இந்தா, தட்டப் பிடி.

போன்: கடைசி வாய் யாருக்கு?

வாண்டு: அம்மாவுக்கு!

போன்: அம்மாவுக்கா? சரி, அம்மாவுக்கு!

வாண்டு: முடிஞ்சிடுச்சு. மறுபடி போடு.

அம்மா: அவ்ளோதான் கண்ணு. சாப்பாடும் தீந்துடுச்சு. போய் வாயக் கொப்பளிச்சிட்டு வா. அம்மா வர்றேன்.

வாண்டு: அப்பாவுக்கு டாட்டா.

அம்மா: காட்டிட்டியா? போ.

அப்பா: ...சட்டுனு நின்னுடுச்சே. நான் அதோட வைக்கலையே, இன்னும் பேசினேனே.

அம்மா: வெட்டிட்டேன்.

அப்பா: ஏன்?

அம்மா: அதுக்கப்புறம்தான் நீங்க 'கம்பெனி விடல, மாத்து ஆள் வரல, இன்னும் எட்டு மாசம் ஆகும்'னு சொன்னீங்க. நான் அழுதேன். அது அவளுக்கு எதுக்குன்னு வெட்டிட்டேன். நீங்க என்ன பண்ணுவீங்க பாவம், கம்பெனி விடலன்னா. உங்களக் குத்தம் சொல்லல.

அப்பா: சொல்லு.

அம்மா: என்ன சொல்ல?

அப்பா: மாத்து ஆள் வந்துட்டான்.

அம்மா: எப்ப?

அப்பா: உன்கிட்ட அப்படிச் சொன்ன அன்னிக்குக் காலையிலயே. பெட்டியோட ஏறி வந்து, சமையக்கட்டு எந்தப் பக்கம்னு என்கிட்டயே கேட்டான். நான்தான் கேப்டன்கிட்டப் போய் இன்னும் எட்டு மாசம் இருக்கேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். அவன அடுத்த கப்பலுக்கு அனுப்பிட்டாங்க.

அம்மா: நீங்களா? ...ஏங்க?

அப்பா: போன லீவுல வந்து ஒரு மாசம் இருந்தேன் பாரு, நான் கிட்ட வந்தாலே உன் புடவைக்குள்ள போய் அழுவா. திரும்பிக் கப்பலேறினேன், போன்ல என்னப் பாத்துச் சிரிச்சா. அஞ்சு மாசம், பேசும்போதெல்லாம் சிரிச்சா. நேர்ல வந்தா மறுபடி அழுவாளோன்னு பயமா இருந்துச்சு... போன்லயே இருந்துடலாம்னு தோணுச்சு.