வலிக்காத கழுத்துக்கு ஒரு பாராட்டு விழா

தலைமை ஏற்றிருக்கும், என் பேச்சு எப்போது முடியும் என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கும் பணிமனை மேலாளர் அவர்களே, முன்னிருக்கைகளை நிறைத்திருக்கும் பெரியவர்களே, ஷிப்ட் முடிந்து எண்ணெய்க் கறையோடு வந்து நிற்கும் தோழர்களே, மடியில் பிள்ளைகளோடு காத்திருக்கும் தாய்மார்களே, உங்கள் தொழிற்சங்கச் செயலாளரின் வணக்கம்.

எத்தனையோ மேடை ஏறியிருக்கிறேன். போனஸ் கேட்டு ஏறினேன்; பூட்டிய கதவைத் திறக்கச் சொல்லி ஏறினேன். உடன்பிறந்த தம்பியைப் பாராட்ட ஏறியது இதுதான் முதல் தடவை. கால் கூசுகிறது. நாக்கும் கூசுகிறது. யாரங்கே, ஆனந்தக் கண்ணீரா என்று கேட்பது? இல்லையப்பா, இது வேறு.

பேருந்துச் சக்கரத்தை ஒற்றைக் கையால் உருட்டும் என் தம்பி, நாட்டின் ரக்பி அணியில் முன்வரிசைக்காரன். கடல் கடந்து போனார்கள். பெட்டிகள் வேறு ஊருக்குப் பறந்துவிட, முதல் ஆட்டத்தை இரவல் பூட்ஸில் ஆடினார்கள். சேற்றில் சறுக்கினார்கள், குளிரில் விறைத்தார்கள், தோற்றார்கள். தோற்றதிலா வெட்கம்? தோள் கொடுத்துத் தோற்றவனுக்கு என்ன வெட்கம்? அடுத்ததிலும் தோற்றார்கள். அதிலும் இல்லை வெட்கம். கடைசி ஆட்டத்தில் தோற்கவில்லை. அங்கேதான் வெட்கம்.

இந்த ஆட்டத்தில் ஸ்க்ரம் என்று ஒன்று உண்டு, தாய்மார்களே. எட்டுப் பேரும் எட்டுப் பேரும் தலை தாழ்த்தித் தோள் முட்டித் தள்ள வேண்டும். முன்வரிசைக்காரன் அடிபட்டு, அந்த இடத்துக்குப் பழகிய மாற்று ஆளும் இல்லையென்றால், சும்மா முட்டி நிற்கலாமே தவிரத் தள்ளக் கூடாது. பழகாதவன் கழுத்து முறியக் கூடாதே என்ற கருணையால் வந்த விதி அது. அந்தக் கருணையைத்தான் நம்மவர்கள் களவாடினார்கள்.

ஆட்டம் சமனில் இருந்தது. எதிரணி தள்ளித் தள்ளியே நம்மை நகர்த்திக்கொண்டிருந்தது. நம் மாற்று ஆள் ஏற்கெனவே காயம்பட்டு வெளியே. தண்ணீர் கொண்டுபோனவர் மூலம் பயிற்சியாளர் என் தம்பிக்குச் சொல்லி அனுப்பினார்: “அடுத்த தள்ளுல கழுத்தைப் பிடிச்சுக்கிட்டு விழுந்துடு. எழுந்திரிக்காதே.” விழுந்தான். தள்ளு நின்றது. சமனிலேயே முடிந்தது. இங்கே நாம் இனிப்பு வழங்கினோம்.

பயிற்சியாளர் அவர்களே, எழுந்து போகாதீர்கள். உட்காருங்கள். நானே நிற்கிறேன்.

அவனுக்கு எதிரே முட்டி நின்றவர் ஒரு தச்சர். மறுநாள் காலை விடுதி அறைக் கதவைத் தட்டினார். டீ குடித்துக்கொண்டிருந்த என் தம்பி, கழுத்துப்பட்டையை அவசரமாக மாட்டிக்கொண்டு படுத்தான். இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஆங்கிலம்தான். நான் தள்ளியதால்தான் உனக்கு இப்படி ஆயிற்று, என் பிள்ளைகள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று அந்த மனிதர் அழுதிருக்கிறார். உடம்பு எப்படி இருக்கிறது என்று அவ்வப்போது சொல் என்று தன் தொலைபேசி எண்ணையும் கொடுத்திருக்கிறார். நம்மவன் என்ன சொன்னான்? பரவாயில்லை என்றான். பரவாயில்லையாம்!

நேற்று செய்தி வந்தது. அந்தத் தச்சர் ஆட்டத்தையே விட்டுவிட்டார். சாப்பாட்டுத் தட்டில் கை வைத்த என் தம்பி அப்படியே உடைந்துபோனான். “அக்கா, எனக்கு ஒண்ணுமே ஆகலக்கா. அந்த ஆளுகிட்ட யாருக்கா சொல்றது?” என்றான். ஊட்டி வளர்த்தவள் நான். அவனை அறைவதா, அணைப்பதா என்று தெரியாமல் குழம்பு ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன்.

முன்னால் இருக்கும் பெரியவர், குடும்ப விஷயத்தைக் குடும்பத்துக்குள் வைத்துக்கொள்ளம்மா என்கிறார். ஐயா, பாராட்டை மட்டும் ஊரைக் கூட்டி வாங்குவோமா, பாவத்தை மட்டும் வீட்டுக்குள் பூட்டுவோமா? அடிபடாதவனுக்கு மேடை. அடிக்காதவனுக்குத் தண்டனை. இதற்குக் கைதட்டவா கூடினோம்? உரிமை உரிமை என்று முழங்கிய என் வாய்க்கு, இன்று என் வீட்டு உண்மையைச் சொல்லவே இவ்வளவு நேரம் ஆகிவிட்டது. தலை குனிகிறேன்.

கேடயம் மேசையிலேயே இருக்கட்டும். அணியில் இவன் இடம் போகும். போகட்டும். ஒரு குற்றமும் செய்யாத ஒருவர் கடலுக்கு அப்பால் தன்னைக் குற்றவாளி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அது இன்றோடு தீர வேண்டும்.

எழுந்து வா தம்பி. அந்தத் தச்சர் கொடுத்த எண்ணை அழுத்து. ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் பிடி, எல்லோரும் கேட்கட்டும். மணி அடிக்கிறது. பொறுமையாகக் கேட்ட பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் தோழர்களுக்கும் என் நன்றி. வணக்கம் சொல்லி அமர்கிறேன். தயவுசெய்து யாரும் கைதட்ட வேண்டாம். அவர் எடுத்துவிட்டார்.