நோம்பு பிடிச்சும் கூடுன ரெண்டு கிலோ

இவ காலு உங்க மடியிலயா கிடக்கு? தள்ளி விடுங்கக்கா, கனமா இருக்கும். எந்திரிக்க மாட்டா. பஸ்சுலயும் தூங்குவா, பள்ளிக்கூடத்துலயும் தூங்குவா.

ஒம்பது வயசுக்கா. நெசமாத்தான், அரை டிக்கெட்டுதான். காலையில முத தடவ கண்டக்டரும் உங்கள மாதிரியேதான் பாத்தாரு. இப்பக் கேக்காமலே அரை டிக்கெட்டக் கிழிச்சுக் குடுத்துட்டுச் சிரிக்காரு பாருங்க.

தீனியா? அதத்தான் ராஜபாளையமே சொல்லுது. எங்க வீட்ல பலசரக்குக் கடை வச்சிருக்காவல்லா, இந்த நூர்பானு மூட்டைக்குள்ள தலைய விட்டுத் திங்கான்னு பேச்சு. எங்க நாத்தனா சௌதா பிஸ்கட் டின்னுக்கே பூட்டுப் போட்டா. இந்தத் தடவ இவ, நானும் முப்பது நோம்பும் பிடிப்பேன்னு நின்னுட்டா. திருட்டுத்தனமா திங்காளான்னு பாக்க சௌதா பகல் முழுக்கப் பின்னாலயே திரிஞ்சா. கக்கூஸ் வாசல்லகூட நின்னு, ஏட்டி என்னத்தட்டி மெல்லுதன்னு கேப்பா. துப்ப எச்சிகூட இல்ல மாமின்னு உள்ள இருந்து சத்தம் வரும். நோம்பு தொறக்கையில கஞ்சியவும் அளந்துதான் ஊத்துனா.

பெருநா அன்னிக்கு ரெண்டு பேரையும் கடையில அரிசி மூட்ட நிறுக்கிற தராசுல ஏத்துனாவ. நோம்புக்கு முந்தியும் ஏத்திப் பாத்திருந்தாவ. காவல் காத்தவ மூணு கிலோ கொறஞ்சிட்டா. நோம்பு பிடிச்சவ ரெண்டு கிலோ கூடிட்டா. சீனி வாங்க வந்த ஆளு, தராசு ரிப்பேரான்னு கேட்டுட்டு வாங்காமலே போயிட்டாரு.

சிரிங்க, நானும் சிரிச்சேன். பொறவுதான் பயம் வந்துச்சு. தின்னு பெருத்தா பிள்ளையத் திட்டலாம். திங்காம பெருத்தா யாரத் திட்ட?

ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரம்மா வேற மாதிரிக் கேட்டாவ. ஒசரம் வளருதா, குளிருதுங்காளா? அப்பத்தான் எனக்கு ஒறச்சுது. போன வருசத்துப் பாவாட இடுப்புல பத்தல, நீளம் அப்படியே இருக்கு. இந்தச் சித்திரை வெயில்ல போர்வை கேக்கா. கழுத்துல தைராய்டுன்னு ஒரு சுரப்பியாம். அது ஹார்மோன ஒழுங்கா விடலேன்னா ஆளே மந்தமாயிருமாம். கான்வென்ட்ல படிச்சேன்னுதான் பேரு, ஹார்மோன் பாடம் வந்தா எங்க சிஸ்டர் நாலு பக்கத்தச் சேத்துத் திருப்பிருவாவ. இவ வாப்பா, சுரப்பி தூங்குதுன்னா எழுப்பி விடுங்க டாக்டரம்மான்னு கையக் கட்டிக்கிட்டு நின்னாவ.

ஆமா, ரத்தம் எடுத்தாச்சு. மதுரைக்குப் போயி ரிசல்ட்டும் வந்துட்டாம். கழுத்துச் சுரப்பிதான்னா தெனம் ஒரு மாத்திரை, அம்புட்டுதான், ஒசரமும் வந்துருமாம். அது இல்லேன்னா, தலைக்குள்ள ஒரு சுரப்பி இருக்காம், அதப் படம் எடுத்துப் பாக்கணுமாம்.

எந்த ஸ்டாப்பா? ஆஸ்பத்திரி ஸ்டாப்புதான். இப்பத் தாண்டுச்சுல்லா, அந்த மஞ்சக் கட்டடம். தெரியும்க்கா, பாத்தேன். காலையிலருந்து இது மூணாவது தடவ. தாண்டிப் போயி, இதே பஸ்சுல ராஜபாளையம் திரும்பி, மறுபடியும் வாரோம். கண்டக்டர் அதுக்குத்தான் சிரிக்காரு.

நீங்க அடுத்த ஸ்டாப்பா? அப்ப நானும் இறங்குதேன். இவளத் தூக்க ஒத்த ஆளால ஆகாதுக்கா. காலு பக்கம் செத்த பிடிக்கேளா. அந்த மஞ்சக் கட்டடம் வரைக்கும்தான்.