குண்டு மணிக்கூடு

கண்டியில் குடை இல்லாமல் தெருவில் இறங்குகிறவனை நான் நம்புவதில்லை. அழகையாவிடம் குடை இருந்ததே கிடையாது. நனைந்துகொண்டே நின்று நகரத்தைப் பார்ப்பானாம். பிறகு அறைக்குப் போய் அதைக் கோணலாக்கி வரைவானாம்.

மடுல்கெல்லத் தோட்டத்தில் பிறந்தவன். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தான். ஆசைக்கு வரைந்த படங்களில் கண்டி வாவி மலைமேல் ஏறிச் சாய்ந்து கிடக்கும். பஸ்களுக்குக் கால் முளைத்து, கடுகண்ணாவை ஏற்றத்தில் மூச்சு வாங்கும். ஒவ்வொன்றின் கீழும் தமிழில் ஒரு பட்டப்பெயர். முதலில் நானும் சிரித்தேன், மறுக்கவில்லை.

எண்பத்தைந்தில் ஒரு மண்டபத்தில் அவற்றை மாட்டினான். நடுவில் சந்தைப் பக்கத்து மணிக்கூட்டுக் கோபுரம், தொந்தியோடு. மீசைதான் முள். கீழே, ‘குண்டு மணிக்கூடு. நேரம் பத்துப் பத்து.’ என்னோடு கந்தோரில் வேலை செய்த மர்சூக் நிதானமாகப் பார்த்தார்.

“ராஜலிங்கம், இது ஒங்கட மூஞ்சிதானே” என்றார்.

மறுநாள் கந்தோர் முழுக்கச் சிரித்தது. அதைப் பொறுத்துக்கொண்டேன்.

பொறுக்க முடியாதது வேறு. அடுத்த மாதம் கடுகண்ணாவைக்குப் பெண் பார்க்கப் போனேன். பெயர் புஷ்பம். அவளும் அந்தப் படத்தைப் பார்த்திருந்தாள். தேநீரோடு வந்தவள் என் மீசையைக் கண்டதும் உள்ளே ஓடிவிட்டாள். “அம்மா, பத்துப் பத்து வந்திருக்கு” என்று அவள் சொன்னது கூடத்துக்கே கேட்டது. சம்பந்தம் அதோடு முடிந்தது. எனக்கு அவளைப் பிடித்திருந்தது. அன்றிலிருந்து அழகையாவை வெறுத்தேன். சோற்றில் கை வைக்கும்போதும் வெறுத்தேன்.

அடுத்த வருடம் ஊரெல்லாம் இராணுவத்தின் தேடுதல். அவன் அறையில் தமிழ் எழுத்தோடு படங்கள் அகப்பட்டன. இரண்டு மொழியும் தெரிந்தவன் என்று என்னைக் கூப்பிட்டார்கள்.

அதிகாரி மணிக்கூட்டுப் படத்தின் கீழிருந்த வரியைக் காட்டினார். குண்டு என்றால் தடித்தது என்றும் பொருள், வெடிப்பது என்றும் பொருள். நான் சிங்களத்தில் ‘போம்ப’ என்றேன், வெடிகுண்டு. பிறகு இடத்தைச் சொன்னேன், நேரத்தைச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவரின் பேனா நின்றது.

தரையில் உட்காரவைத்திருந்த அழகையா, அது தடித்தது என்று சிங்களத்தில் சொன்னான். அடி விழுந்தது. பிறகு என் பக்கம் திரும்பினான்.

“ஐயா, குண்டுன்னா தடிச்சதுன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. நீங்க சொன்னா நம்புவாங்க.”

அதற்குமுன் அவன் என்னைப் பார்த்ததே இல்லை என்பது அவன் முகத்தில் தெரிந்தது.

முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அவன் திரும்பவில்லை. அவனுடைய தாய் இரத்தினம்மா மாதம் தவறாமல் என்னைத் தேடி வந்தார். மகனைக் கேட்டு மனு எழுத அவருக்குச் சிங்களம் தெரிந்த ஆள் வேண்டியிருந்தது. பிழையில்லாமல் எழுதினேன். தபாலில் நானே போடுகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். எல்லாம் என் அலுமாரியில் பத்திரமாக இருக்கின்றன, விசாரிக்க வந்த நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு சொல்தானே, அப்போதே திருத்தியிருக்கலாமே என்கிறீர்கள். அன்று அதிகாரியும் கேட்கத்தான் செய்தார், தடித்தது என்றும் பொருள் உண்டா என்று. உண்டு என்று சொல்லியிருந்தால், அறையில் இருந்த ஆறு பேரும் படத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்திருப்பார்கள். இல்லை என்றேன்.