எட்டுப் பன்னிரண்டுக்கு வந்த அறிவித்தல்

பிரிண்டர் வேலை செய்யாவிட்டால் ஆட்கள் முதலில் அதன் தலையில் தட்டுவார்கள், ஐயா. பிறகு கடதாசியை வெளியே எடுத்து உதறிவிட்டுத் திரும்ப வைப்பார்கள். அதற்கும் அசையாவிட்டால்தான் என்னைக் கூப்பிடுவார்கள். பதினேழு வருடமாக அப்படித்தான். எழுதிக்கொள்ளுங்கள், நான் ஆறுதலாகவே சொல்கிறேன்.

என் பெயர் பாக்கியரத்தினம். வயது ஐம்பத்தொன்று. துறைமுகத்தில் தானியம் இறக்கிக் களஞ்சியப்படுத்தும் கம்பெனியில் கணினி வேலைக்கு நான் ஒருவன்தான். மேல்மாடிக் கந்தோரில் நான்கு பிரிண்டர், எடைமேடையில் ஒன்று, களஞ்சியக் கொட்டகையில் ஒன்று. ஆறையும் ஒரே வலையமைப்பில் கோத்து, யார் எங்கிருந்து அனுப்பினாலும் வேண்டிய இடத்தில் விழும்படி செய்தவன் நான். இரகசியக் கடிதம் என்றால், அனுப்பியவர் வந்து தன் இலக்கத்தை அழுத்தும்வரை சேர்வர் அதைப் பத்திரமாக வைத்திருக்கும். அந்த வசதியும் நான் செய்ததுதான். சேர்வரில் தங்கும் எதையும் நான் திறந்து பார்க்கலாம் என்று மற்றவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவன் றெக்சன் ஒருவன்தான். நான் பார்க்கமாட்டேன் என்று அவன் நம்பினான். அந்தத் திங்கட்கிழமை வரை நான் பார்த்ததும் இல்லை.

றெக்சன் எங்கள் தொழிற்பாதுகாப்பு உத்தியோகத்தர். என்னைவிடப் பத்து வயது இளையவன். அவனுடைய மகளுக்கு ஞானத்தகப்பன் நான். சீனி வருத்தத்தால் என் கண் மங்கத் தொடங்கியபோது வீட்டுக்குக்கூடச் சொல்லவில்லை, அவனுக்கு மட்டும் சொன்னேன். மூன்று தரம் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவன் அவன்தான். தம்பலகாமம் தாண்டும்போது ஒருநாள், "கந்தோரில ஒருத்தருக்கும் தெரியக்கூடாது, தம்பி" என்றேன். "என்ர வாயால வராது, அண்ணை" என்றான்.

வாயால் வரவில்லைதான்.

அந்தத் திங்கட்கிழமை முகாமையாளரின் பிரிண்டர் இறுகி நின்றது. வரிசையில் என்ன தேங்கி நிற்கிறது என்று பார்க்கத் திறந்தேன். றெக்சன் அனுப்பிய கடிதம் ஒன்று நின்றது. தலைப்பில் என் பெயர். திறந்தேன். பாக்கியரத்தினத்துக்குக் கண்பார்வை குறைந்துகொண்டு வருகிறது, இந்த வேலைகளைத் தனியாகச் செய்வது அவருக்கு இனிக் கடினம் என்று எழுதியிருந்தான். கீழே இன்னொரு பந்தியும் இருந்தது. எனக்கு உதவிக்கு ஆள் எடுக்க வேண்டும், என்னைப் பிரிவுக்குப் பொறுப்பாக்க வேண்டும், வேலையை விட்டு நிறுத்தக்கூடாது என்று. அதையும் வாசித்தேன். முதல் பந்தியை எழுதியவன் இரண்டாவதில் எதை எழுதினால்தான் என்ன.

கடிதத்தைப் போகவிட்டேன். அடுத்தநாள் றெக்சன் வழமைபோல என் மேசைக்கு வந்து பிளேன்ரீ குடித்தான். கண்ணுக்கு மருந்து விட்டீர்களா என்று கேட்டான். ஓம் என்றேன். ஒரு மனிதன் இவ்வளவு இயல்பாக இருக்கலாமா என்று அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பது நாள் கழித்து, புதன்கிழமை அது நடந்தது. மூன்றாம் களஞ்சியத்துக் கோதுமையில் வண்டு விழுந்ததால், நச்சு வாயு வைத்து மூடியிருந்தார்கள். புதன் காலை ஒன்பதரைக்குத் திறக்கலாம் என்று முதலே அறிவித்தல் ஒட்டியிருந்தது. காலையில் றெக்சன் அளந்து பார்த்தபோது வாயு இறங்கவில்லை. கந்தோருக்கு ஓடி வந்து, இன்று திறக்கக்கூடாது என்று புதிய அறிவித்தல் அடித்து, கொட்டகைப் பிரிண்டருக்கு அனுப்பினான். எட்டுப் பன்னிரண்டு. பிறகு வெளியே நங்கூரமிட்டிருந்த கப்பலுக்கு வள்ளத்தில் போய்விட்டான். வாய்ச்சொல்லில் பிழை வருகிறது, அச்சில் வருவதை மட்டுமே மேற்பார்வையாளர் நம்பவேண்டும் என்பது எங்கள் விதி. அந்த விதியைக் கொண்டுவந்தவர்கள் நானும் அவனும்தான்.

அறிவித்தல் என் திரையில் தெரிந்தது. கொட்டகை மெசின் பழையது, சூடாகி அடிக்கத் தொடங்க மூன்று நிமிடம் எடுக்கும். வாசித்தேன். கொட்டகை வரிசையை நிறுத்தி வைத்தேன். அதற்கு ஒரு தட்டுப் போதும்.

ஒன்பதரைக்குக் கதவு திறந்தார்கள். முதலில் உள்ளே போனவர் சாம்பல்தீவுக்கு அங்கால் சல்லியைச் சேர்ந்த கதிரவேல். கடலுக்குப் போகாத மாதங்களில் எங்களிடம் மூட்டை தூக்குகிறவர். பின்னால் போன இருவரை இழுத்து எடுத்துவிட்டார்கள். அவரை எடுக்கும்போது உயிர் இல்லை. அதற்குள் நான் அந்த அறிவித்தலை வரிசையிலிருந்து நீக்கி, சேர்வரின் பதிவையும் அழித்துவிட்டேன்.

மத்தியானம் றெக்சன் நனைந்த சப்பாத்தோடு என் அறைக்கு ஓடி வந்தான்.

"அண்ணை, நான் அனுப்பினனான். எட்டுப் பத்து மட்டில அனுப்பினனான். ஒருக்காப் பாருங்கோ."

அவனுக்கு முன்னாலேயே திறந்து காட்டினேன். "ஒண்டும் வரேல்லையே, தம்பி."

"பட்டனை அமத்தினது எனக்கு நினைவிருக்குது, அண்ணை."

"அவசரத்தில நினைவு அப்பிடித்தான்."

கதிரையில் இருந்து கொஞ்சநேரம் தன் வலதுகையைப் பார்த்தான். ஒரு கிழமைக்குள் அவனுக்கே நம்பிக்கை போய்விட்டது. தான் அனுப்பவில்லை என்று பொலிசுக்கு அவனே எழுதிக் கொடுத்தான். பிணையில் வந்த அடுத்தநாள் சல்லிக்குப் போகவேண்டும் என்றான். தனியாகப் போக ஏலாது என்றதால் நானும் போனேன். கதிரவேலின் மனைவி கோணேஸ்வரி வாசலில் நின்றார். றெக்சன் மணலில் முழந்தாளிட்டு, "நான் அனுப்ப மறந்து போனன், அக்கா" என்றான். கோணேஸ்வரி படியால் இறங்கி அவனுக்குக் கிட்ட வந்தார். பிறகு, "எழும்பு, தம்பி. ஆருக்குத்தான் மறதி இல்லை" என்றார். நான்தான் அவனுடைய தோளைப் பிடித்துத் தூக்கி எழுப்பினேன். வரும் வழி முழுக்க என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தான். அப்போது அவன் மேலிருந்த கோபம் எனக்கு அரைவாசி தீர்ந்துவிட்டது என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

பிரிண்டர் தந்த கம்பெனியிலிருந்து சுஹைரா என்ற பிள்ளை வந்து கொட்டகை மெசினைக் கழற்றித் துப்புரவு செய்திராவிட்டால், இன்று நான் இந்தப் பொலிஸ் நிலையத்தில் இருந்திருக்கமாட்டேன். சேர்வரில் அழித்தாலும், தன் வரிசையில் நடப்பதற்கெல்லாம் மெசின் தனக்குள் ஒரு பட்டியல் வைத்திருக்கும். அந்தப் பிள்ளை அதை எடுத்துப் பார்த்திருக்கிறது. எட்டுப் பன்னிரண்டு, றெக்சன். எட்டுப் பதினான்கு, நிறுத்தம். ஒன்பது நாற்பது, நீக்கம், பாக்கியரத்தினம். உங்கள் மேசையில் இருப்பது அந்தத் தாள்தான்.

"இவ்வளவு காலம் இந்த வேலை செய்த உங்களுக்கு இது தெரியாதா, சேர்?" என்று என்னிடம் கேட்டாள். தெரியும். அதை அழிக்கக் கொட்டகைக்குப் போகவேண்டும். அன்று அங்கே நிறையப்பேர் அழுதுகொண்டு நின்றார்கள். போவது மரியாதையாகப் படவில்லை.

கதிரவேலைச் சாகடிக்க நினைத்தேனா என்று கேட்டீர்கள். இல்லை. அவரோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை. பெருநாளுக்குப் பெருநாள் மீன் கொண்டுவந்து தருகிறவர். கதவு திறக்கமுதல் யாராவது வாயுவின் மணத்தைக் கண்டுபிடிப்பார்கள், றெக்சனுக்குப் பேச்சு விழும், அவ்வளவோடு முடியும் என்றுதான் வீட்டாருக்கும் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கு முழுவதையும் சொல்கிறேன்.

என் அறை யன்னலால் பார்த்தால் மூன்றாம் களஞ்சியம் நேரே தெரியும். என் கண் மங்கல்தான், ஆனால் அவ்வளவு தூரம் தெரியும். கதிரவேல் துவாயைத் தலையில் கட்டிக்கொண்டு பூட்டைத் திறந்ததைப் பார்த்தேன். தொலைபேசி என் கையில் இருந்தது. மேற்பார்வையாளரின் நீட்டிப்பு இலக்கம் மூன்றே எண். அழுத்தாமல் திரும்ப வைத்தேன். கூப்பிட்டிருந்தால் கதிரவேல் திரும்பி வந்திருப்பார்.

றெக்சனுக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.