அண்ணன் கொண்டுவந்த சாமான்கள்

தாயாரைச் சேவித்துவிட்டுத் திருச்சானூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் திருப்பதிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். எதிரே நடுவயதில் ஒரு கணவனும் மனைவியும்.

"அண்ணனுக்கு இரங்கல் கூட்டம்னு காலேஜ்ல கூப்புட்டு மைக்க குடுத்தா, ஜெனீவான்னா வாட்ச்சு, நைரோபின்னா காபிப் பொடின்னு அவரு கொண்டாந்த சாமானா சொல்லிக்கினு இருந்தேன்," என்றார் அவர்.

"பசங்க சிரிச்சதுக்கா இப்படி நொந்துக்கறீங்க?"

"அவங்க சிரிச்சா சிரிக்கட்டும். முன்னால உக்காந்துக்கினு இருந்த அண்ணி தலைய குனிஞ்சிக்கினாங்க. அதான் தாங்கல."

"எனக்கு மட்டும் இன்னா தெரியும்? அவரு வந்தா லட்டு கையில குடுப்போம், பெட்டிய பிரிப்போம்."

"அங்க இன்னா வேலை பண்றாருன்னு ஒரு வாட்டியாவது கேட்டமா?"

பூக்கூடையோடு பக்கத்தில் இருந்த பெண், "பெரிய படிப்பா உங்க அண்ணன்?" என்று கேட்டாள்.

"பொருளாதார நிபுணர்மா. உலகம் பூரா சுத்தினவரு."

"அப்படின்னா இன்னா வேலை செய்வாங்க சாமி?"

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே திரும்பிக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டு வரும்வரை அந்தப் பெண் பதிலுக்காக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், பெருமாளே.