மூணாம் மாடிக்கு ஏறாத பேட்டரி

— நாற்காலியைத் திருப்பிப் போடுங்க. நீங்க கடைக்காரர். நான் எலக்ட்ரிக் பைக் வாங்க வந்தவ.

— ஏம்மா, நான் வாங்க வந்தவனா இருக்கேனே. எனக்கு அதுதான் சுலபமா வரும்.

— வேண்டாங்க. இருபது வருஷமா செருப்புக் கடையில நிக்கறவர் நீங்க. கடைக்காரர் வாய் உங்களுக்குத்தான் இருக்கு.

— வீட்டுக்கு வந்தும் கடையா... சாப்பிட்டுட்டு வெச்சுக்கலாமே?

— சாப்பிட்டா நீங்க தூங்கிடுவீங்க. நாளைக்குக் காலையில நிஜக் கடைக்குப் போறோம். அங்க போய் நான் பேந்தப் பேந்த முழிக்கக் கூடாது. அதுக்குத்தான் இந்த ஒத்திகை.

— நாளைக்கேவா? அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு...

— அடுத்த வாரமா? திங்கட்கிழமை காலையில ஆறரைக்கு எனக்கு முதல் வீடு. மறந்துட்டீங்களா?

— மறக்கல. வீடு வீடாப் போய் ரத்தம் எடுக்கற வேலை.

— ஏழு வீடு. எடுத்த ரத்தத்தை ஐஸ் பெட்டியில வெச்சு ஒன்பது மணிக்குள்ள லேபுல குடுக்கணும். பதினோரு வருஷம் வீட்டுல இருந்தவளை நம்பி இப்பத்தான் ஒருத்தங்க வேலை குடுத்திருக்காங்க. முதல் நாளே வண்டி நடுரோட்டுல நின்னா, ரத்தமும் வீணாப் போயிடும், என் வேலையும் போயிடும்.

— நிக்காதும்மா. ஏன் நிக்கப் போகுது...

— எந்த வண்டி நிக்காது?

— பொதுவாச் சொன்னேன். சரி, உக்காந்துட்டேன். வாங்க மேடம், வாங்க! என்ன சைஸ் பாக்கறீங்க?

— பைக்குக்கு என்னங்க சைஸ்?

— பழக்கதோஷம். திரும்ப வாங்க. வெளிய போய் உள்ள வாங்க.

— வந்துட்டேன். சார், ஒரு தடவை சார்ஜ் போட்டா வண்டி எவ்வளவு தூரம் போகும்?

— நூறு கிலோமீட்டர் மேடம். கண்ணை மூடிக்கிட்டுப் போகலாம்.

— நான் கண்ணைத் திறந்துக்கிட்டுத்தான் ஓட்டுவேன். நூறுன்னா எப்படி நூறு? மேடு பள்ளத்துலயா? பெட்டியோட, பையோட, நிறுத்தி நிறுத்தி ஓட்டினாலுமா?

— அது... ஒத்தை ஆளு. பை இல்லாம. ரோடு சமமா இருக்கணும். எதிர்காத்து கூடாது. மெதுவா, சீரா...

— அப்படி ஒரு ரோடு எங்க சார் இருக்கு?

— கம்பெனிக்குள்ள இருக்கும் மேடம்.

— நம்ம ரோட்டுல எவ்வளவு?

— அறுபத்தெட்டு.

— அதென்ன சரியா அறுபத்தெட்டு? யாரோ ஓட்டிப் பாத்த மாதிரி?

— சும்மா வாயில வந்ததும்மா. எழுபதுன்னு எழுதிக்க.

— அறுபத்தெட்டுன்னே எழுதிக்கறேன். ரெண்டாவது கேள்வி.

— ரெண்டாவதா? மொத்தம் எத்தனை?

— நீங்க கடைக்காரர். வாடிக்கையாளரைப் பாத்து எத்தனை கேள்வின்னு கேக்கலாமா?

— என் கடையில கேப்பேன். ஒரு ஜோடி செருப்புக்கு நாலு கேள்விக்கு மேல கேட்டா, அடுத்த கடையில நல்லா இருக்கும் மேடம்னு வழி காட்டிடுவேன்.

— அப்ப உங்க கடைக்கு நான் வரமாட்டேன். வாரண்டி எத்தனை வருஷம்?

— மூணு வருஷம் மேடம்.

— எதுக்கு மூணு?

— வண்டிக்கு.

— வண்டின்னா? பேட்டரிக்கு எத்தனை, மோட்டாருக்கு எத்தனை, சார்ஜருக்கு எத்தனை? தனித்தனியாச் சொல்லுங்க.

— எல்லாம் சேத்துத்தான் ஒரு... மேடம், இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தாங்க?

— லேபுல ஒரு அக்கா. அவங்க வண்டியில பேட்டரி போனப்ப, வாரண்டி வண்டிக்குத்தான், பேட்டரிக்கு இல்லைன்னு கையை விரிச்சிட்டாங்களாம். அதனால வாரண்டி கார்டை இங்கயே, என் கண்ணு முன்னாடி நிரப்புங்க. வாங்கின தேதி, பேட்டரி மேல இருக்கற நம்பர், கடை சீல்.

— கார்டு தரேன் மேடம். சீல் மட்டும்... அடுத்த வாரம் வந்து போட்டுக்கலாம்.

— ஏன்?

— சீல் போடறவர் லீவு.

— சீலுமா லீவு? மேசையிலதானே இருக்கும்?

— மேசைச் சாவி அவர்கிட்ட.

— அடேயப்பா! இவ்வளவு சட்டுனு உங்களுக்கு எப்படிங்க வருது?

— எனக்கும் அப்படித்தான் சொன்... சொல்லுவாங்கன்னு நெனச்சேன். எல்லாக் கடையிலயும் இப்படித்தாம்மா சொல்லுவாங்க.

— ரொம்ப நல்லா நடிக்கறீங்க. மூணாவது. வண்டி நின்னுபோனா யாரு பாப்பாங்க?

— நம்ம மெக்கானிக் இருக்காரு மேடம். சொக்கத் தங்கம்.

— கூப்பிடுங்க, பாக்கலாம்.

— இப்ப வெளிய போயிருக்காரு.

— எங்க?

— ஒரு கஸ்டமர் வண்டி வழியில நின்னுபோச்சுன்னு...

— அது எந்தக் கடையில வாங்கின வண்டி?

— எந்தக் கடையிலயோ...

— சார்?

— நம்ம கடை வண்டிதான் மேடம்.

— எழுதிக்கறேன். ‘மெக்கானிக் உண்டு. ஓயாத வேலை.’ பிரேக் கட்டை, டயர், கன்ட்ரோலர் எல்லாம் இங்கயே இருக்குமா? ஆர்டர் போட்டு ரெண்டு மாசம் காத்திருக்கணுமா?

— காத்திருக்கறதுல ஒரு சுகம் இருக்கு மேடம்.

— இதுவும் செருப்புக் கடை வசனமா?

— ஆமா. சின்ன சைஸ் தீந்துபோனா இதைத்தான் சொல்லுவேன். ஏம்மா, தண்ணி குடுக்கறியா? தொண்டை வறண்டுபோச்சு.

— கடைக்காரர்தான் வந்தவங்களுக்குத் தண்ணி குடுக்கணும். நாலாவது. ஓட்டிப் பாக்கணும்.

— தாராளமா! கடையைச் சுத்தி ஒரு ரவுண்டு.

— பத்தாது. பின்னால ஆளை உக்கார வெச்சு, மேம்பாலத்துல ஏத்தி, நடுவுல நிறுத்தி, திரும்பக் கிளப்பிப் பாக்கணும்.

— நடுவுல நிறுத்தினா பின்னால வர்றவன் திட்டுவான் மேடம்.

— கிளம்பலைன்னா நான் உங்களைத் திட்டுவேன்.

— ஆரம்பத்துல கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்கும் மேடம். ரெண்டு நாள் போட்டு நடந்தா சரியாயிடும்.

— அது செருப்புங்க!

— ஐயோ, ஆமா. சரி, இதோட நிறுத்திக்கலாமா? நீ பாஸ். எந்தக் கடைக்காரனும் உன்கிட்ட ஒண்ணும் பண்ண முடியாது.

— இன்னும் முக்கியமானதே கேக்கலையே. அஞ்சாவது. பேட்டரியைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டுப் போகலாமா?

— கழட்டியா? எதுக்கு மேடம்?

— நம்ம வீடு மூணாவது மாடி. கீழ வண்டி நிறுத்தற இடத்துல கரண்ட் பாயிண்ட் கிடையாது. பேட்டரி கழண்டாத்தான் மேல கொண்டுவந்து சார்ஜ் போட முடியும். சொல்லுங்க சார்.

— மேடம்... உங்க கைக்கு வலி வந்துடும். பேட்டரி கனம் அதிகம்.

— வலி என் கைக்கு. கழண்டுவருமா, வராதா?

— வராதுன்னு வெச்சுக்கங்களேன்... அதுக்கும் வழி இருக்கு. ஜன்னல்லேருந்து ஒரு வயரைக் கீழ விடலாம். நாப்பத்திரண்டு அடிதான்.

— அது எப்படிங்க நாப்பத்திரண்டு?

— ஒரு மாடிக்குப் பதினாலு அடி. மூணு பதினாலு...

— நேத்து சாயங்காலம் துணிக் கயித்துல பூட்டைக் கட்டி ஜன்னல் வழியா இறக்கிக்கிட்டு இருந்தீங்களே, அதுக்கா?

— கயிறு உறுதியா இருக்கான்னு பாத்தேன்மா.

— முதல் மாடி வீட்டம்மா தலையிலயா பாத்தீங்க? அவங்க வந்து கேட்டுட்டுப் போனாங்க, உங்க வீட்டுக்காரர் மீன் பிடிக்கறாரான்னு.

— மழை பெஞ்சா வயர் நனையுமேன்னு யோசிச்சேன். குடை மாதிரி ஒண்ணு கட்டலாம்னு...

— யாரோட வண்டிக்கு?

— ஏம்மா... ஒண்ணு கேக்கறேன். ஒருவேளை ஒருத்தர், இந்தக் கேள்வியெல்லாம் கேக்காம வண்டி வாங்கிட்டாருன்னா?

— எந்த ஒருத்தர்?

— பொதுவா ஒருத்தர்.

— பொதுவா ஒருத்தர் எங்க வேலை பாக்கறாரு?

— செருப்புக் கடையில.

— ம்.

— திட்டும்மா. திட்டிடு. ம்முன்னு மட்டும் சொல்லாத.

— அவரு ஏன் ஒண்ணுமே கேக்கல?

— கேக்கத்தான் போனாரு. அந்தக் கடைக்காரரு பாவம், காலையிலேருந்து நின்னு நின்னு கால் வீங்கி இருந்துச்சு. எந்தக் கடையில வேலைன்னு கேட்டாரு, சொன்னேன். ‘சார், நீங்க நம்ம ஆளு’ன்னு தோள்ல கையைப் போட்டுட்டாரு. அப்புறம் எனக்கு வாயே வரலம்மா. கேள்வி கேக்கற கஸ்டமரைப் பாத்தா எனக்கே எப்படி எரிச்சல் வரும்? அதை நான் போய் இன்னொருத்தருக்குக் குடுக்கறதா?

— நூறு கிலோமீட்டர்னு அவரு சொன்னதை நம்பினீங்களா?

— நம்பினேன், வண்டியை எடுத்ததும் மீட்டர் அறுபத்தெட்டுன்னு காட்டுச்சு. நானும்தான் இந்தச் செருப்பு அஞ்சு வருஷம் உழைக்கும்னு தினமும் சொல்றேன். அப்ப அது எனக்கு ஞாபகம் வரலையே. வண்டி பாட்டு வேற பாடுச்சு.

— பாட்டா?

— முன்னால ஸ்பீக்கர் இருக்கு. ஏழு வீட்டுக்கும் தனியாப் போறவளாச்சே, துணைக்குப் பாட்டு இருக்கட்டுமேன்னு... திங்கட்கிழமை காலையில நீ கீழ இறங்கும்போது வண்டி தயாரா நிக்கணும்னு ஆசைப்பட்டேன்மா. பதினோரு வருஷமா எனக்கு நீ டப்பா கட்டிக் குடுத்து அனுப்பற. ஒரு நாள் நான் உன்னை அனுப்பி வைக்கணும்னு நெனச்சேன். ரெண்டு நாளாத் தூக்கமே இல்ல. மாடிப்படிக்குப் பின்னால தார்ப்பாய் போட்டு மூடி வெச்சிருக்கேன். நீலக் கலர்.

— அழறீங்களா?

— இல்ல. தண்ணி குடுக்கலைல்ல, அதான்.

— இந்தாங்க, குடிங்க. குடிச்சுட்டு ஆறாவது கேள்விக்குப் பதில் சொல்லுங்க.

— இன்னுமா! அதான் எல்லாத்தையும் ஒத்துக்கிட்டேனே.

— புது வண்டிக்கு ரெண்டு சாவி தருவாங்க. ஒண்ணு உங்க பாக்கெட்டுல இருக்கு. இன்னொண்ணு எங்க?

— ஒண்ணுதானே குடுத்தாரு...

— ரெண்டாவதை நீங்க வாங்காம வந்துட்டீங்களாம். நேத்து காலையில கடையிலேருந்து ஒருத்தர் வந்து, ‘வாழ்த்துகள் மேடம்’னு என் கையில குடுத்துட்டுப் போனாரு.

— நேத்து காலையிலயா? அப்ப நான் கயிறு இறக்கறப்பவே உனக்கு... அப்ப எதுக்குத் தாயி இந்த ஒத்திகை? இந்தக் கேள்வியெல்லாம் எனக்குன்னே எழுதினதா?

— ஒத்திகைதான் உங்களை வாய் திறக்க வைக்க. கேள்வி அந்தக் கடைக்காரருக்கு எழுதினதுங்க. இன்னிக்கு மத்தியானம் நீல வண்டியை எடுத்துக்கிட்டுக் கிளம்பினேன். பாதி வழியில நின்னுபோச்சு. மிச்ச தூரம் தள்ளிக்கிட்டே போய்க் கடைக்குள்ளயே நிறுத்தினேன். வண்டி வாங்க வந்தவங்க நாலு பேர் நின்னாங்க, அவங்க முன்னாடி இதே தாளை விரிச்சேன். இப்பத் தார்ப்பாய்க்குக் கீழ நிக்கறது அவரு மாத்திக் குடுத்த சிவப்பு வண்டி. பாட்டுப் பாடாது, ஆனா மேம்பாலம் ஏறும். கார்டுல சீல் இருக்கு. பேட்டரி பால்கனியில சார்ஜ் ஏறிக்கிட்டு இருக்கு. அந்தக் கடைக்காரர் மூணாவது கேள்வியிலயே கையெடுத்துக் கும்பிட்டுட்டாருங்க... நீங்கதான் அஞ்சு வரைக்கும் தாங்கிட்டீங்க.